ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க

கம்ப்யூட்டர் உலகத்தில் சஞ்சீவி மருந்து என்று ஒன்றுதான் உண்டு. எந்தப் பெட்டி மக்கர் பண்ணினாலும், யார் ஃபோன் செய்தாலும், எடுத்த எடுப்பில் சொல்வது அதைத்தான்: "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." படித்தவனும் சொல்வான், படிக்காதவனும் சொல்வான். பாதி நோய் அதிலேயே தீர்ந்துவிடும். எப்படித் தீர்ந்தது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் தலையைச் சொறிவார்கள்.

பூட்டுக்காரிக்குத் தெரியும். கரண்ட் போனால் மெமரி எல்லாவற்றையும் மறந்துவிடும். மறுபடி வரும்போது பெட்டி பச்சைக் குழந்தையாக எழுந்திருக்கும். முன்னால் நடந்த தப்பு, பாதியில் நின்ற வேலை, ஒருவன் எடுத்துப் போய்த் திருப்பித் தராதது, எதுவும் மிச்சம் இருக்காது. இந்த மறதியை ஒரு குறை என்றுதான் எல்லாரும் வெகுகாலம் புலம்பினார்கள். அது எத்தனை பெரிய வரம் என்பது கைவிட்டுப் போன பிறகுதானே தெரியும்.

அவள் வேலை பார்த்தது லிஃப்ட் செய்யும் கம்பெனியில். லிஃப்டை ஏற்றி இறக்கும் மூளைப் பெட்டிக்கு அடிப்படை சாஃப்ட்வேர் எழுதுகிற கூட்டத்தில் அவள் ஒருத்தி. அவள் பங்குக்கு வந்தது பூட்டு. இரும்புப் பூட்டு இல்லை. ஒரே பட்டியலில் இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் எழுதப் புகுந்தால் குழம்பிவிடும் அல்லவா? அதனால் எழுத வருகிற வேலை முதலில் பூட்டைப் போட்டுக்கொள்ளும், எழுதி முடித்ததும் திறந்துவிட்டுப் போகும், அதுவரை மற்றவை வெளியே வரிசையில் நிற்கும். பஸ் நிலையக் கழிப்பறை மாதிரி என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். பட்டப்பெயர் வைப்பதற்கு ஆபீஸ்காரர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? பூட்டுக்காரி என்று வைத்தார்கள், அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

பிறகு புது மெமரி வந்தது. கரண்ட் போனாலும் எழுதியது எழுதியபடி இருக்கும் வகை. ஆபீஸில் எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள். கரண்ட் வந்ததும் லிஃப்ட் விட்ட இடத்திலிருந்து தொடரும், கூப்பிட்டவர்கள் மறுபடி பொத்தானை அமுக்கக்கூட வேண்டாம், இதைச் சொல்லியே விற்கலாம் என்றார் மேலாளர். எதற்கும் "சரி, சரி" என்று தலையாட்டுகிறவர் ஆதலால் அவருக்குச் சரி சார் என்று பெயர். பூட்டுக்காரி மட்டும் துள்ளவில்லை.

ஏனென்றால் அவள் தொழிலில் ஒரு விதி உண்டு. பூட்டினவன்தான் திறக்க வேண்டும். ஒரு வேலை பூட்டைப் போட்ட அந்த நொடியில் கரண்ட் போனால் அந்த வேலை செத்துப்போகும். பழைய மெமரியில் பூட்டும் கூடவே போய்விடும், தொல்லை விட்டது. புது மெமரியில் வேலை செத்தாலும் பூட்டு இருக்கும். செத்தவன் கையில் சாவி. வெளியே நிற்கிறவர்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். கரண்ட் வந்தவுடன் ஒவ்வொரு பூட்டாகப் பார்த்து, சாவி வைத்திருப்பவன் உயிரோடு இருக்கிறானா என்று கவனிக்க ஒரு துண்டு சாஃப்ட்வேர் எழுத வேண்டும் என்று அவளே கூட்டத்தில் சொன்னாள். சரி சார் சரி என்றார். விற்பனைத் தேதி நெருங்கியது. பூட்டு போட்டிருக்கும் நேரமோ கண்ணை மூடித் திறப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கரண்ட் என்ன குறி பார்த்தா போகப்போகிறது? அடுத்த பதிப்பில் எழுதிக்கொள்ளலாம் என்று அவளே விட்டுவிட்டாள்.

போன வெயில் காலத்தில் ஒரு சாயங்காலம், நாலு மாடிக் குடியிருப்பு ஒன்றில் கரண்ட் வெட்டி வெட்டி வந்தது. சரியாக வந்த பிறகும் லிஃப்ட் அசையவில்லை. மொட்டை மாடி அறையில் மூளைப் பெட்டியின் முன் நின்றுகொண்டு மெக்கானிக் ஃபோன் செய்தார். அன்றைக்கு உதவி ஃபோன் எடுக்கும் முறை பூட்டுக்காரிக்கு.

"உள்ள ஆள் இருக்காங்களா?" என்று முறைப்படி முதலில் கேட்டாள்.

"இல்லீங்க மேடம். மணி அடிக்கலை. ஆள் இருந்தா அடிச்சிருப்பாங்கல்ல?"

நியாயமாகத்தான் பட்டது. "அப்ப ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

பண்ணினார். அசையவில்லை. மறுபடி பண்ணச் சொன்னாள். கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் போடச் சொன்னாள். ஒயரைப் பிடுங்கிச் செருகச் சொன்னாள். கரண்ட் மறுபடி போகும் என்று அக்கம்பக்கத்தில் நிறுத்தாமல் வைத்திருந்த ஜெனரேட்டர்கள் கத்திக்கொண்டிருந்ததால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. பேச்சோடு பேச்சாக மெக்கானிக் தன் மச்சான் புது வண்டி வாங்கிய கதையைச் சொன்னார், அவளும் சிரித்தாள். கடைசியில் அலுத்துப்போய், கையால் சக்கரத்தைச் சுற்றிக் கீழே இறக்கிக் கதவைத் திறந்தார். உள்ளே நாலாம் மாடி வீட்டுப் பையன் கிடந்தான். பையன் என்று அவன் அம்மாதான் சொல்வார், முப்பது தாண்டியவன். சிறுவயதிலிருந்தே மூச்சுத் தொல்லை உள்ளவன்.

விசாரணை நடந்தது. கரண்ட் போன அதிர்ச்சியில் உடனே உயிர் போயிருக்கிறது என்று எழுதி முடித்தார்கள். யார் பார்த்தது, எதை வைத்துச் சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை. 'உடனே' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அதற்குப் பிறகு அவள் சாப்பிட்டாள், தூங்கினாள், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போனாள். ஆபீஸில் வேறு யாரையோ விட்டு அவசரமாக ஒரு ஒட்டுப் போட்டார்கள். பழைய பட்டியலை அப்படியே ஓரம் கட்டிவிட்டுப் பக்கத்தில் புதுப் பட்டியல், பெட்டி வழியாகப் போகாமல் நேர் ஒயரில் இன்னொரு மணி. பழுதான அறையைப் பூட்டிப் போட்டுவிட்டுத் தாழ்வாரத்தில் குடித்தனம் நடத்துவதில்லையா, அந்த மாதிரி.

லிஃப்ட் ஓடியது. ஆனால் புகார் வந்துகொண்டே இருந்தது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் யாரும் கூப்பிடாமல் அது தானாக நாலாம் மாடிக்குப் போகிறது, கதவைத் திறக்கிறது, காத்து நிற்கிறது, மூடிக்கொள்கிறது. குடியிருந்தவர்களில் பாதிப் பேர் படியேற ஆரம்பித்துவிட்டார்கள்.

"பழைய பட்டியல்ல ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்கு. போய் மொத்தமா துடைச்சிட்டு வந்துடு," என்றார் சரி சார். "உள்ள எதையும் நோண்டிக்கிட்டு இருக்காதே. சரியா?"

சரி என்றாள். வேறு யாரையும் அனுப்பியிருக்கலாம், அவளைத்தான் அனுப்பினார். துடைக்கிற கை அவளுடையதாக இருந்தால் வாயும் மூடியே இருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார்.

முற்பகலில் போய்ச் சேர்ந்தாள். வாசலில் சைக்கிள்கள், தபால் பெட்டிகள், ஈரத்துணியின் சோப்பு வாசனை. மெக்கானிக் காத்துக்கொண்டிருந்தார். குரல் பழகியதே தவிர முகத்தை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். அவள் நினைத்திருந்ததைவிட வயதானவர்.

"படியிலயே போயிடலாம் மேடம்," என்றார்.

"லிஃப்ட் மெக்கானிக் நீங்களே படியில ஏறினா எப்படி?"

"ஏறிடறேன். முட்டி வலிதானே, போனா போகுது."

நாலாம் மாடியில் லிஃப்ட் கதவுக்கு நேர் எதிரே ஒரு நாற்காலி போட்டு, மடியில் துணியை வைத்துக்கொண்டு ஓர் அம்மா சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே தையல் மெஷினும், வெட்டிய துணிகளும், சுவரில் சாய்த்துவைத்த ஒரு பெரிய பையும் தெரிந்தன. பை நிரம்பியிருந்தது. யாரும் அதைப் பிரிக்கவில்லை.

"துடைக்க வந்தவ நீதானா?" என்றார் தையல்காரம்மா.

"கம்பெனியிலேர்ந்து வரேம்மா."

"எல்லாரும் அங்கேயிருந்துதான் வர்றீங்க." ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "உக்காரு. முதல்ல ஒண்ணு பாரு. பார்த்துட்டு அப்புறம் துடைக்கிறதைப் பத்திப் பேசு."

மெக்கானிக் மொட்டை மாடிக்குப் போய்க் கரண்டை நிறுத்திப் போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கீழே எங்கேயோ ஒரு உறுமல். கதவுக்கு மேலே எண்கள் ஒவ்வொன்றாக ஏறின. லிஃப்ட் வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, கண்ணாடியில் பூட்டுக்காரியும் தையல்காரம்மாவும் தெரிந்தார்கள், வேறு யாரும் இல்லை.

தையல்காரம்மா எழுந்து நின்றார். வெறும் லிஃப்டைப் பார்த்து, "இருக்கேன்டா," என்றார்.

கதவு மூடிக்கொண்டது. பூட்டுக்காரிக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. அதை இயக்குகிற சாஃப்ட்வேரை எழுதியவர்களில் அவளும் ஒருத்தி, ஆனாலும் சில்லிட்டது.

"வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்குன்னான் என் பையன்," என்றார் தையல்காரம்மா, கேட்காமலே. "போனா அப்படியே போயிடுன்னு சொன்னேன். வாய் தவறி ஒண்ணும் வரலை. வலிக்கட்டும்னே சொன்னேன். அவனுக்கும் என் ரத்தம்தானே, பையைக்கூட எடுக்காம, போறேன்னுட்டுக் கிளம்பிட்டான். போயிட்டு வரேன்னு சொல்லலை. அந்த ஒரு வார்த்தை கூடச் சேர்த்துச் சொல்ல எவ்வளவு நேரம் ஆயிடும்? ஃபோனையும் மேசையிலேயே வெச்சுட்டான். எடுத்துக்கிட்டு ஓடி வந்தேன். கதவு மூடிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. லைட் ஒரு வெட்டு வெட்டிச்சு. படியில இறங்கித் தெருவுக்கு ஓடினேன். அங்க ஆளைக் காணோம். கோவத்துல விறுவிறுன்னு போயிட்டான் போலன்னு நெனச்சு மேல வந்து உக்காந்துட்டேன். அவன் கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை. நடுவுல இருந்திருக்கான்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வரேன்னு சொல்லாம போனவன் இப்ப கரண்ட் வந்தா வர்றான். இதைப் போய்த் துடைக்கணுங்கறீங்க."

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று அவர் உள்ளே போனார். பூட்டுக்காரி கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த சின்ன மூடியைக் கழற்றி, லேப்டாப்பின் ஒயரைச் செருகினாள். துடைப்பதற்கு ஒரே ஒரு கட்டளை. எதையும் பார்க்காமலே அடித்துவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு, படியிறங்கிப் போய்விடலாம். 'உடனே' என்ற சொல் பத்திரமாக இருக்கும். விரலை அதற்கான விசையின் மேல் வைத்துக்கூட விட்டாள்.

வைத்தவள் எடுத்தாள். பழைய பட்டியலைத் திறந்தாள்.

பூட்டு போட்டபடியே இருந்தது. சாவி ஒரு செத்த வேலையின் கையில். என்ன வேலை என்று பார்த்தாள். நாலாம் மாடி, வெளிப் பொத்தான், யாரோ லிஃப்டைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதை எழுதுகிறபோது கரண்ட் வெட்டியிருக்கிறது. லிஃப்டைக் கூப்பிட்டது பையன் இல்லை. அவன் பின்னாலேயே ஓடி வந்த அம்மா. ஓரம் கட்டிய பட்டியல் என்றாலும் கரண்ட் வரும்போதெல்லாம் லிஃப்ட் அதிலுள்ள அந்தக் கூப்பிடலைப் பார்க்கிறது, நாலாம் மாடிக்கு வருகிறது, வந்துவிட்டேன் என்று அதை அழிக்கப் பார்க்கிறது, பூட்டைத் திறக்க ஆள் இல்லாததால் முடியாமல் கதவை மூடிக்கொள்கிறது.

கரண்ட் குறி பார்த்துத்தான் போயிருந்தது.

பூட்டுக்குப் பின்னால், புது மெமரியில் கலையாமல் நின்ற வரிசையை அப்போதுதான் பார்த்தாள். முதலில் நின்றது மீட்பு வேலை. கரண்ட் போனால் பாட்டரியில் லிஃப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறக்க வேண்டியது அது. பூட்டு திறக்கட்டும் என்று மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால், தரைத்தளம். கதவு திற. மணி. மணி. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, எல்லா மாடியும். பிறகு மணி. மணிப் பொத்தானும் மற்றப் பொத்தான்களோடு அதே பட்டியல் வழியாகத்தான் போகும் என்பது அவளுக்கு முன்பே தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருக்க மனிதருக்கு நன்றாகவே வரும்.

நடுநடுவே ஒரு கோடு இருந்தது. பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் விழுகிற கோடு. ஒவ்வொரு கோட்டையும் போடச் சொன்னவள் அவள். ஒவ்வொரு கோட்டுக்குப் பிறகும் மணி அடுக்கடுக்காக இருந்தது. உள்ளே விளக்கு அணைந்து எரியும்போதெல்லாம், ஆள் வந்துவிட்டார்கள், நம்மை எடுக்கத்தான் பார்க்கிறார்கள் என்று அவன் நம்பியிருக்கிறான். நம்பி நம்பி அமுக்கியிருக்கிறான். மச்சானின் புது வண்டிக்கு அவள் சிரித்தபோதும் அமுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

பழைய மெமரியாக இருந்திருந்தால் முதல் தடவையே எல்லாம் சரியாகியிருக்கும். காலம் காலமாகப் பலித்த மருந்து அது. நோய் மாறியதை எழுதியவளே மறந்து, அதே மருந்தை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மேலேயிருந்து இறங்கி வந்த மெக்கானிக் திரையை எட்டிப் பார்த்தார். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. 'மணி' என்ற சொல் அவருக்குப் படிக்கத் தெரியும்.

"மணி அடிக்கலையே மேடம்," என்றார், குரல் எழும்பாமல். "சத்தியமா அடிக்கலையே."

"அடிச்சிருக்கார். நம்ம காதுக்கு வரலை."

அவர் கொஞ்ச நேரம் படிக்கட்டின் கம்பியைத் துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "துடைச்சிடுங்க. எனக்குப் பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது. உங்களுக்கும் குடும்பம் இருக்கு. போனவன் திரும்பி வரப்போறதில்லை."

அவளுக்கும் அதே ஆசைதான். ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். சொம்போடு வந்து நின்ற தையல்காரம்மா இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன இருக்கு அதுல?"

"அம்மா, லிஃப்டைக் கூப்பிட்டது உங்க பையன் இல்லை," என்றாள் பூட்டுக்காரி. "வெளிப் பொத்தான். நீங்க அமுக்கினது."

தையல்காரம்மாவின் கையில் சொம்பு கொஞ்சம் சாய்ந்து தண்ணீர் தரையில் வழிந்தது.

"ஓடி வந்து அமுக்கினேன்," என்றார் கடைசியில். "அது இன்னும் அப்படியேவா இருக்கு?"

"இருக்கு. உங்க மேல ஒரு தப்பும் இல்லைம்மா. பொத்தானை அமுக்கினா லிஃப்ட் வரணும், அவ்வளவுதான். அதுக்கு மேல நடந்தது எல்லாம் எங்க தப்பு."

"அப்ப இவ்வளவு நாளா வந்தது அவன் இல்லை. நான்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கேன்." நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அவன் ஒண்ணுமே அமுக்கலையா?"

மெக்கானிக் அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

"அமுக்கியிருக்கார்," என்றாள். "எல்லாம் வரிசையா நிக்குது. நான் மொத்தமா துடைக்கலாம். இல்லைன்னா பூட்டைத் திறந்துவிடலாம். திறந்தா, அவர் அமுக்கினது ஒவ்வொண்ணையும் லிஃப்ட் இப்ப செய்யும். அதோட முடிஞ்சிடும். அப்புறம் தானா வராது."

"என்ன அமுக்கினான்?"

அவள் வாயைத் திறந்தாள். தையல்காரம்மா கையை உயர்த்தினார்.

"வேண்டாம். நீ சொல்லாதே. நீ சொன்னா அது உன் பேச்சு. திறந்து விடு, நானே தெரிஞ்சுக்கறேன்."

பூட்டினவன்தான் திறக்க வேண்டும் என்பது அவளே பெட்டிக்குள் எழுதி வைத்த விதி. செத்த வேலையின் பெயரில், அதன் இடத்தில் நின்று, அவளே பூட்டைத் திறந்தாள்.

லிஃப்ட் நாலாம் மாடியில்தான் நின்றிருந்தது. சுவரிலிருந்த பொத்தானில் அதுவரை யாரும் கவனிக்காத ஒரு சின்ன வெளிச்சம் அணைந்தது. கதவு திறந்தது. அவ்வளவுதான் மீட்பு வேலை. பக்கத்து மாடிக்குப் போய்க் கதவைத் திறப்பது. எத்தனை சின்ன வேலை.

யாரும் எதிர்பார்க்கவில்லை, தையல்காரம்மா எழுந்து விறுவிறுவென்று உள்ளே போய் நின்றுகொண்டார். "அம்மா, வேண்டாம்," என்று மெக்கானிக் பாய்வதற்குள் கதவு மூடிக்கொண்டது.

லிஃப்ட் தரைத்தளத்துக்கு இறங்கியது. அது பாதி வழி போகும்போதே மணி அடிக்க ஆரம்பித்தது. லிஃப்ட் கூரையின் மேல் இருந்த பழைய மணி, பள்ளிக்கூட மணியைப் போலத் தொண்டை கிழியக் கத்தியது. கீழே கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு ஆட்களின் குரல்கள். லிஃப்ட் முதல் மாடிக்கு வந்து திறந்து மூடியது. இரண்டுக்கு வந்தது. மூன்றுக்கு வந்தது. ஒவ்வொரு மாடியிலும் வாசலில் நின்றவர்கள் உள்ளே ஒற்றையாக நின்ற அம்மாவைப் பார்த்து வாயடைத்துப் போனதை, சட்டென்று அடங்கிய பேச்சிலிருந்தே மேலே நின்றவர்களால் புரிந்துகொள்ள முடிந்தது. மெக்கானிக் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்.

நாலாம் மாடியில் கதவு திறந்தது. மாடி எண்கள் அதோடு தீர்ந்தன. திரையில் இனி மீதி இருந்தது மணி மட்டும்தான்.

தையல்காரம்மா வெளியே வரவில்லை. ஒரு கையைப் பொத்தான்களின் மேல் வைத்துக்கொண்டு நின்றார். திறந்த கதவுக்கு இந்தப் பக்கம் பூட்டுக்காரி நின்றாள். இருவருக்கும் தலைக்கு மேலே மணி அடித்தது. விட்டது, அடித்தது. அவன் எவ்வளவு நேரம் விரலை எடுக்காமல் வைத்திருந்தானோ அவ்வளவு நேரம் அடித்தது. முதலில் நீளமாக, கோபமாக. பிறகு அவசரமாக, குட்டிக் குட்டியாக. பிறகு மறுபடி நீளமாக. முடிந்தது என்று நினைக்கும்போதெல்லாம் மறுபடி ஆரம்பித்தது. கீழ் மாடிகளிலிருந்து ஏறி வந்தவர்கள் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்கள். ஓடிப்போய் நிறுத்திவிடலாம் என்று பூட்டுக்காரிக்குக் கை துடித்தது. நிறுத்தவில்லை. தையல்காரம்மாவின் கண்களை அவளால் பார்க்க முடியவில்லை, வேறு எங்கும் பார்க்கவும் முடியவில்லை.

மணி வரவரச் சுருங்கியது. கடைசியில் அடிப்பது அடிப்பாகவே இல்லை, விரல் பொத்தானில் பட்டு எடுத்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். அதன் பிறகு இன்னொன்று. பிறகு வரிசை காலியாகிவிட்டது.



"இவ்வளவு நேரமா அடிச்சான்?" என்றார் தையல்காரம்மா.

"ஆமாம்மா."

"ஒருத்தர் காதுலயும் விழலையா?"

"அப்ப மெக்கானிக்கோட ஃபோன்ல இருந்தது நான்தான்," என்றாள் பூட்டுக்காரி. அவள் குரல் படிக்கட்டில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. "இந்தப் பூட்டை எழுதினதும் நான்தான். அவர் அடிச்சுக்கிட்டு இருந்த நேரம் முழுக்க நான் பேசிக்கிட்டு இருந்தேன். அவர் உடனே போகலைம்மா."

தையல்காரம்மா திட்டவில்லை. அழவும் இல்லை. பொத்தான்களின் மேல் இருந்த கையை எடுத்து, லிஃப்டின் ஓரமாகத் தள்ளி நின்று, பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டார்.

"உள்ள வா," என்றார். "வந்து நில்லு."

பூட்டுக்காரி லேப்டாப்பை நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். தையல்காரம்மா கதவை மூடும் பொத்தானை அமுக்கினார். எந்த மாடியையும் அமுக்கவில்லை.